சங்கம், கோயில் கமிட்டி பேப்பர் வேலைக்கு ஜார்ஜ்டவுன்ல ஒரு மாடி ஆபிஸ்: எங்க அனுபவம்

முதல்லயே சொல்லிடுறேன். பினாங்குல சின்னதா ஒரு சங்கமோ கோயில் கமிட்டியோ டியூஷன் செண்டரோ நடத்திக்கிட்டு, ஆர்ஓஎஸ்ல (சங்கங்கள பதிவு பண்ற அரசாங்க இலாகா) இருந்து ஒரு லெட்டர் வந்தா யாருகிட்ட காட்டுறதுன்னு தெரியாம முழிச்சிக்கிட்டு இருக்கீங்கன்னா, லிட்டில் இந்தியாவுல லெபோ பாசார் பக்கம் மாடியில இருக்குற இந்த ஆபிஸுக்கு ஒரு தடவை போயிட்டு வாங்க. அஞ்சுக்கு நாலரை ஸ்டார் குடுப்பேன். பேரு இங்க போடல, அவங்களே வேணாம்னு கேட்டுக்கிட்டாங்க, மொத்தம் ரெண்டு பேருதான் வேலை பாக்குறாங்க, இப்ப வர்ற கூட்டமே தாங்கல. வேணும்ங்கிறவங்க இன்பாக்ஸ்ல கேளுங்க, நம்பர் அனுப்புறேன்.

இது வக்கீல் ஆபிஸும் கிடையாது, ஆடிட் கம்பெனியும் கிடையாது. சங்கத்தோட வருசாந்திர அறிக்கை, சட்டவிதி (சங்கத்தோட சொந்த விதிமுறை) திருத்தம், கமிட்டி மாத்தம், வருமான வரி பாரம், நன்கொடை ரசீது, இதெல்லாம் ஒழுங்கா இருக்கான்னு பாத்து, இல்லன்னா எப்படி சரி பண்றதுன்னு நமக்கே சொல்லிக் குடுக்குற இடம். நடத்துறது ஒரு அக்கா, முன்ன ஆடிட் லைன்ல ரொம்ப வருசம் இருந்தவங்க. கூட ஒரு தம்பி, ஆன்லைன்ல ஏத்துற வேலையெல்லாம் அவரு கையில.

நாங்க பட்டர்வொர்த் பக்கம் பி40 (வருமானம் கொறஞ்ச) குடும்பத்து பிள்ளைங்களுக்கு சாயந்திர டியூஷன் நடத்துறோம், தீபாவளி நேரத்துல வசதி இல்லாத வீடுங்களுக்கு சாமான் கூடை குடுப்போம், அவ்வளவுதான் எங்க சங்கம். போக வேண்டிய நிலைமை எப்படி வந்துச்சுன்னா, பிறை பக்கம் இருக்குற ஒரு பேக்டரி மேனேஜர் எங்க டியூஷனுக்கு வருசா வருசம் ஒரு தொகை தரேன்னு முன்வந்தாரு, ஆனா "உங்ககிட்ட 44(6) ரசீது இருக்கா, இருந்தா கம்பெனியில சீக்கிரம் அப்ரூவல் வாங்கிடலாம்"னு கேட்டாரு (44(6)னா நன்கொடை குடுக்குறவருக்கு வரிக் கழிவு கெடைக்கிற ரசீது). அதே நேரத்துல பேங்க்ல புதுப் பொருளாளர் கையெழுத்த ஏத்துக்க மாட்டேன்னுட்டாங்க. இதுக்கு நடுவுல ஒரு கன்சல்டன்ட் எங்க தலைவர் ஐயாவ தேடி வந்து, சட்டமெல்லாம் மாறிப் போச்சு, இனிமே சங்கமா இருந்தா காலம் தள்ள முடியாது, கம்பெனியா மாத்தணும், இ-இன்வாய்ஸ் (வரி இலாகா வழியா போற மின் பில்லு) சாப்ட்வேர் வாங்கணும்னு ஒரு பெரிய பில்லு போட்டு நீட்டிட்டுப் போயிட்டாரு. ஐயாவுக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கமே இல்ல, 70 வயசுக்கு மேல ஆனவரு, சங்கத்த மூடிடலாமான்னு என்கிட்டயே கேட்டாரு. அவரு அப்படிக் கேட்டது எனக்கு ரொம்ப வலிச்சுது.

அக்கா எங்க கதைய முழுசா கேட்டாங்க. கேட்டுட்டு வாய் திறந்து முதல்ல கேட்டது "சட்டவிதி எங்க தம்பி?" அதுதான். கணக்கு புக்க கூட தொடல. ஆர்ஓஎஸ் முத்திரை போட்ட அந்தப் பழைய சட்டவிதிய எடுத்து, பென்சில் முனைய ஒவ்வொரு வரியா நகத்திக்கிட்டே படிச்சாங்க, ஏஜிஎம்க்கு (வருசாந்திரப் பொதுக் கூட்டம்) எத்தனை பேரு வரணும், நோட்டீஸ் எத்தனை நாள் முன்ன குடுக்கணும், கணக்கு வருசம் எந்த மாசம் முடியுது, செக்குல யாரு யாரு கையெழுத்து, ஒவ்வொண்ணுக்கும் ஓரத்துல ஒரு சின்ன மஞ்சள் ஸ்டிக்கர். அப்புறம் எங்க மினிட் புக்க பக்கத்துல வச்சி ரெண்டையும் ஒத்துப் பாத்தாங்க. மினிட்ல புது நிர்வாகம் தேர்வானது ஒழுங்கா எழுதியிருக்கு, ஆனா ஆர்ஓஎஸ் பதிவுல இன்னும் பழைய பொருளாளர் பேருதான் நிக்குது. பேங்க் அதத்தான் பாக்குது, நம்ம மினிட்ட இல்ல. எங்க பொருளாளரும் நானும் பேங்க் கவுண்டர்ல அவ்வளவு நேரம் நின்னும் யாரும் இத எங்களுக்கு ஒரு வார்த்தை விளக்கிச் சொல்லல.

1966ஆம் வருசத்து சங்கங்கள் சட்டப்படி ஏஜிஎம் முடிஞ்சி 60 நாளுக்குள்ள வருசாந்திர அறிக்கை போகணும். ஏஜிஎம் நடக்கலன்னா காலண்டர் வருசம் முடிஞ்சி 60 நாளுக்குள்ள. முன்ன பாரம் 9னு பேப்பர்ல குடுத்தது, இப்ப இரோசஸ்ங்கிற ஆர்ஓஎஸ் வெப்சைட்ல ஆன்லைன். அந்த அறிக்கையோடதான் புது கமிட்டி பட்டியலும் கணக்கும் போகுது. தேதி தள்ளிப் போயி, அறிக்கை வருசக் கணக்கா போகாம விட்டா பதிவையே ரத்து பண்ற அதிகாரம் ஆர்ஓஎஸுக்கு இருக்கு. அக்கா சொன்ன ஒண்ணு மனசுல நின்னுடுச்சு, "நம்ம ஆளுங்க சங்கம் காசு இல்லாம மூடுனது கம்மி தம்பி, அறிக்கை போடாம மூடுனதுதான் அதிகம்." நான் பாத்த வரைக்கும் அது உண்மை. எங்க தாமான்லயே (குடியிருப்புப் பகுதி) நல்லா நடந்துக்கிட்டு இருந்த ஒரு இளைஞர் மன்றம் அப்படித்தான் காணாமப் போச்சு, அந்தப் பசங்க ஆரம்பிச்ச புத்தக அலமாரி இன்னும் சமூக மண்டபத்துல பூட்டிக் கெடக்கு.

சட்டவிதி திருத்தத்துலயும் ஒரு விசயம் இருக்கு. ஏஜிஎம்ல எல்லாரும் கைய தூக்கிட்டா திருத்தம் ஆயிடுச்சுன்னு நிறைய பேரு நெனைச்சிக்கிறாங்க, ஆர்ஓஎஸ் ஒப்புதல் வர்ற வரைக்கும் பழைய விதிதான் செல்லும். இந்த ஒண்ணு தெரியாம எத்தனை கோயில் கமிட்டி ரெண்டா ஒடஞ்சி கோர்ட்டு வரைக்கும் போயிருக்கு, பேப்பர் படிக்கிறவங்களுக்குத் தெரியும்.

இ-இன்வாய்ஸ் விசயம் தான் நான் எல்லாருக்கும் கத்தி சொல்லணும்னு நெனைக்கிறது. கன்சல்டன்ட் சொன்னது முழுப் பொய்யும் இல்ல. இ-இன்வாய்ஸ் வியாபாரத்துக்கு மட்டும் கிடையாது, சங்கம், அறக்கட்டளை எல்லாமே எல்எச்டிஎன் (வருமான வரி வாரியம்) விதிக்குள்ள வருது. ஆனா படிப்படியா தான் வந்துச்சு. 2024 ஆகஸ்ட் 1ல வருசத்துக்கு 10 கோடி வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல வரவு இருக்குறவங்க, 2025 ஜனவரில 2.5 கோடிக்கு மேல, 2025 ஜூலைல 50 லட்சத்துக்கு மேல, 2026 ஜனவரில 10 லட்சத்துக்கு மேல. விலக்கு எல்லை முதல்ல 1.5 லட்சம் வெள்ளின்னு இருந்தது, அப்புறம் 5 லட்சம் ஆச்சு, 2025 டிசம்பர்ல அத 10 லட்சமா ஒசத்தி அறிவிச்சாங்க. அக்கா எங்க வரவு புக்க திருப்பி, கால்குலேட்டர்ல தட்டி, அந்த நம்பர எங்க பக்கம் திருப்பி காட்டுனாங்க. 10 லட்சத்துக்கு கிட்டக் கூட வரல. "சாப்ட்வேர் வாங்க வேணாம், அந்தக் காசுல பிள்ளைங்களுக்கு பயிற்சி புக்கு வாங்குங்க"ன்னாங்க. ஐயா முகத்துல அப்பதான் ரத்தமே ஓடுச்சு.

கம்பெனியா மாத்துற கதையும் அதே மாதிரி. 2016 கம்பெனிகள் சட்டம், 2017 ஜனவரி 31ல அமலுக்கு வந்தது, அதுல 45ஆவது பிரிவுல தர்ம காரியத்துக்கு உத்தரவாதத்தால வரையறுக்கப்பட்ட கம்பெனின்னு ஒரு வகை இருக்கு, பங்கு கிடையாது, லாபத்த உறுப்பினருக்கு பிரிச்சிக் குடுக்க முடியாது. பெரிய அளவுல நடத்துறவங்களுக்கு, வெளிநாட்டு நிதி வாங்குறவங்களுக்கு அது நல்ல வழிதான், மறுக்கல. ஆனா அதுக்கு குறைஞ்சது 2 டைரக்டர், லைசென்ஸ் உள்ள கம்பெனி செக்ரெட்டரி, வருசா வருசம் வெளி ஆடிட், எஸ்எஸ்எம்க்கு (கம்பெனிகள பதிவு பண்ற ஆணையம்) தனி அறிக்கை, இது போதாதுன்னு 2024 ஏப்ரல் 1ல இருந்து கம்பெனிய உண்மையில யாரு கட்டுப்படுத்துறாங்கங்கிற விவரமும் பதிவு பண்ணி அப்டேட் பண்ணிக்கிட்டே இருக்கணும். டியூஷன் நடத்துற ஒரு சின்ன சங்கம் இத்தனையும் சுமந்தா டியூஷன் நடத்த ஆளு மிஞ்சாது. சங்கமாவே இருக்கலாமான்னு கேட்டேன், தாராளமா இருக்கலாம், 7 பேரு சேந்து பதிவு பண்ணி நடத்துற சங்கத்த யாரும் தடை பண்ணலன்னு பட்டுன்னு பதில். மாத்துற வேலைய எடுத்திருந்தா அவங்களுக்கு நல்ல பில்லு வந்திருக்கும். எடுக்கல. நான் இவங்கள நம்ப ஆரம்பிச்சது அந்த எடத்துலதான்.

சரி, பேக்டரி மேனேஜர் கேட்ட 44(6)க்கு வர்றேன், இது கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க. 1967 வருமான வரி சட்டத்துல 44ஆவது பிரிவு உட்பிரிவு 6. எல்எச்டிஎன் அங்கீகாரம் குடுத்த சங்கத்துக்கு ஒருத்தர் பணமா நன்கொடை குடுத்தா, அவரோட மொத்த வருமானத்துல 10 விழுக்காடு வரைக்கும் கழிச்சிக்கலாம். தனி ஆளுக்கு முன்ன 7 விழுக்காடுதான், 2020 மதிப்பீட்டு வருசத்துல இருந்து கம்பெனிக்கு இருக்குற மாதிரியே 10 ஆச்சு. பணம்னு சொன்னத கவனிங்க. அரிசி மூட்டை, பழைய கம்ப்யூட்டர், சாமான் கூடை, இதுக்கெல்லாம் இந்தப் பிரிவுல வரி ரசீது எழுத முடியாது. எத்தனை எடத்துல நல்ல மனசோட அரிசி குடுத்தவருக்கு வரி ரசீதுன்னு எழுதிக் குடுக்குறாங்க, அது குடுக்குறவருக்கும் ஆபத்து வாங்குறவருக்கும் ஆபத்து. சாதாரண ரசீது, நன்றி லெட்டர் குடுங்க, அது போதும்.

ரசீது புக்குன்னாலே அக்காவுக்கு ஒரு தனி கவனம். எங்க புக்க வாங்கி, வரிசை நம்பர் விட்டுப் போகாம இருக்கான்னு கடைசி அடிக்கட்டை வரைக்கும் விரல்ல தள்ளித் தள்ளிப் பாத்தாங்க. கேன்சல் பண்ண ரசீதக் கிழிச்சிப் போடாம ரெண்டு காப்பியையும் சேத்து ஸ்டேப்பிள் அடிச்சி அதுலயே வைக்கணும், பேங்க்ல போட்ட தேதிய அடிக்கட்டையிலயே எழுதணும், ஆன்லைன்ல வர்ற பணத்துக்கும் அதே வரிசையில ரசீது போடணும். அங்கீகாரம் கெடச்சா எல்எச்டிஎன் குடுக்குற நம்பர் ரசீதுலயே இருக்கணும், அங்கீகாரத்துக்கு காலக்கெடு இருக்கு, முடியுற முன்ன புதுப்பிக்கணும். காலாவதியான நம்பர் போட்ட ரசீத எழுதிக் குடுத்து, வரி கழிக்க முடியாமப் போனா, அந்த நன்கொடையாளர் திரும்ப நம்ம பக்கம் தலை வச்சிப் படுக்க மாட்டாரு.

கமிட்டில ஒரே குடும்பத்து ஆளுங்க எத்தனை பேருன்னும் கேட்டாங்க. கேள்வி கொஞ்சம் சுருக்குன்னு இருந்துச்சு, ஆனா கேக்க வேண்டிய கேள்விதான், நம்ம சங்கங்கள்ல தலைவர் அண்ணன், செயலாளர் தம்பி, பொருளாளர் மச்சான்னு ஓடுறது எல்லாருக்கும் தெரியும். பொதுப் பணத்த வாங்கி பொது வேலை செய்யுற எடம் குடும்பச் சொத்தா தெரியக் கூடாது. அங்கீகாரம் உள்ள அமைப்பு சேமிப்புல ஒரு பகுதிய வியாபாரத்துல போடலாம்ங்கிறதும் எனக்கு அங்கதான் தெரிஞ்சிச்சு, முன்ன 25 விழுக்காடு, 2024 பட்ஜெட்ல 35 ஆக்குனாங்க, ஆனா அதுல வர்ற லாபம் முழுசும் தர்ம வேலைக்கே திரும்பணும். ஆதரவற்றோர் இல்லம் நடத்துறவங்க கேட்டரிங், பேக்கரி மாதிரி ஆரம்பிக்க நெனைச்சா இது பெரிய விசயம், யோசிச்சிப் பாருங்க.

எங்களுக்கு அவங்க குடுத்த தீர்ப்பு, இந்த வருசம் 44(6)க்கு மனு போடாதீங்க. எங்க கணக்க உறுப்பினர்லயே ரெண்டு பேரு தணிக்கை பண்றாங்க, ஆர்ஓஎஸ் அறிக்கைக்கு அது சரி, எல்எச்டிஎன் மனுவுக்கு வெளி ஆடிட்டர் கையெழுத்து வேணும். முதல்ல அத முடிங்க, அப்புறம் வாங்கன்னாங்க. பேக்டரி மேனேஜர்கிட்ட இத அப்படியே சொன்னோம், அவரும் புரிஞ்சிக்கிட்டாரு, அடுத்த வருசம் வரைக்கும் காத்திருக்கேன்னு சொல்லியிருக்காரு. கையோட இன்னொண்ணும் சொன்னாங்க, சங்கத்துக்குன்னு பாரம் டிஎஃப் இருக்கு, வியாபார வருமானம் இல்லன்னா ஏப்ரல் 30, இருந்தா ஜூன் 30. தர்ம சங்கம்தானே நமக்கு எதுக்கு வரி பாரம்னு சும்மா இருந்துடாதீங்க.

பேங்க்ல ஏன் இவ்வளவு கேள்வி கேக்குறாங்கங்கிறதும் மனசுல இருந்துச்சு. யாரு குடுத்தது, எதுக்கு குடுத்தது, ஏன் ரொக்கமா போடுறீங்க, உண்டியல் காசக் கொண்டு போனா திருடன மாதிரி பாக்குறாங்கன்னு நம்ம கோயில்காரங்க எல்லாருமே புலம்புறது. அக்கா இதுக்கு அரை மணி நேரம் எடுத்து விளக்குனாங்க. பாரிஸ்ல எஃப்ஏடிஎஃப்னு ஒரு அமைப்பு, பணச் சலவை, பயங்கரவாத நிதி இதுக்கெல்லாம் உலக நாடுங்களுக்கு விதி போடுறது, மலேசியா 2016ல அதுல உறுப்பினர் ஆச்சு. 2001 செப்டம்பர் தாக்குதலுக்கு அப்புறம் தர்ம அமைப்புங்க வழியா பணம் போகக் கூடாதுன்னு தனியா ஒரு பரிந்துரை கொண்டு வந்தாங்க, இப்ப அதுதான் 8ஆவது பரிந்துரை. நம்ம நாட்டுல பணச் சலவையத் தடுக்குற அம்லா சட்டம் 2001லயே வந்துடுச்சு. ஆனா 2023 நவம்பர்ல அந்த 8ஆவது பரிந்துரைய திருத்தி எழுதுனப்போ, எல்லா தர்ம அமைப்பையும் ஒரே கண்ணால சந்தேகப்படக் கூடாது, ஆபத்து எங்க உண்மையா இருக்கோ அங்க அளவா நடவடிக்கை எடுங்க, நல்ல வேலை செய்யுறவங்களுக்கு தேவையில்லாம தொல்லை குடுக்காதீங்கன்னு தெளிவா சொல்லியிருக்காங்க. இது எனக்கு அவ்வளவு ஆறுதலா இருந்துச்சு. கவுண்டர்ல இருக்குற பிள்ளைக்கு இதெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்க முடியாதுதான், ஆனா நம்ம பக்கம் நியாயம் இருக்குன்னு தெரிஞ்சா தலை குனியாம பதில் சொல்லலாம். அவங்க குடுத்த வழி சிம்பிள்: உண்டியல் எண்ணும்போது சொந்தக்காரங்க இல்லாத ரெண்டு பேரு கையெழுத்து, எண்ணுன அன்னிக்கோ மறுநாளோ அப்படியே பேங்க், அதுல இருந்து ஒரு காசு கூட எடுத்து செலவு பண்ணக் கூடாது, செலவுக்கு தனியா எடுங்க.

தைப்பூசத்துல டின்ன தூக்கிக்கிட்டு வசூல் பண்ற பசங்களும் கேட்டுக்குங்க, வீடு வீடாவோ ரோட்டுலயோ பொது வசூல் பண்ண 1947ஆம் வருசத்து சட்டம் ஒண்ணு இருக்கு, போலிஸ் லைசென்ஸ் வேணும். சங்கம் பதிவா இருக்கு, பேட்ஜ் போட்டிருக்கோம்னு சொன்னா பத்தாது.

இனி குறை. முதல் குறை அந்தப் படிக்கட்டு, பழைய கடைவீட்டு மரப்படி, செங்குத்தா இருக்கு, கைப்பிடி ஒரு பக்கம்தான், எங்க ஐயாவ கைத்தாங்கலா ஏத்த வேண்டியதாப் போச்சு. சங்கம் நடத்துறவங்க பாதிப் பேரு வயசானவங்கதானே, கீழ இருக்குற சாப்பாட்டுக் கடையில ஒரு மேசை போட்டாவது பாக்கலாம், இத அவங்ககிட்டயே சொல்லிட்டேன். போன் எடுக்குறது ரொம்ப கஷ்டம், வாட்சப்புல பதில் வர ரெண்டு மூணு நாள் கூட ஆவுது. முக்கியமான குறை என்னன்னா, விளக்கமெல்லாம் அழகா தமிழ்ல சொல்றாங்க, ஆனா கையில குடுக்குற பேப்பர் முழுக்க மலாய்லயும் இங்கிலீஷ்லயும் இருக்கு. வீட்டுக்குப் போயி மத்த கமிட்டி உறுப்பினருக்கு, அதுலயும் தமிழ் மட்டும் படிக்கத் தெரிஞ்ச பெரியவங்களுக்கு, நான் திரும்ப உக்காந்து எழுதிக் குடுக்க வேண்டியதா இருந்துச்சு. ஒரே ஒரு பக்கம், எந்தத் தேதிக்குள்ள எத எங்க குடுக்கணும்னு தமிழ்ல அச்சடிச்சி வச்சாங்கன்னா அது பெரிய புண்ணியம். அரை ஸ்டார் கொறச்சதே இதுக்குத்தான்.

விலை: முதல் உக்காரலுக்கு 150 வெள்ளி, எவ்வளவு நேரம் ஆனாலும் அதே. வருசாந்திர அறிக்கை அவங்களே ஏத்தணும்னா தனி, நாமளே ஏத்துறோம்னா தம்பி பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுப்பாரு, அதுக்கு காசு இல்ல. எங்க பொருளாளர் அப்படித்தான் கத்துக்கிட்டாங்க, அறிக்கை போயி புது பட்டியல் வந்ததும் பேங்க் கையெழுத்தும் மாறிடுச்சு. சட்டவிதி திருத்தத்துக்கு மட்டும் எவ்வளவுன்னு முன்கூட்டியே கேட்டு வாங்கிக்குங்க, அது பக்கத்தப் பொறுத்து மாறுது, சுவத்துல இருக்குற விலைப் பட்டியல்ல போடல.

எல்லாருக்கும் இது ஒத்து வராது. கம்பெனியா பதிவானவங்களுக்கு லைசென்ஸ் உள்ள செக்ரெட்டரிதான் வேணும். இந்து அறப்பணி வாரியத்துக்கு கீழ வர்ற கோயில்னா அதுக்கு வேற சட்டம், வெள்ளைக்காரன் காலத்துல இருந்து வர்றது, வாரியத்துலதான் கேக்கணும். முதியோர் இல்லம், பிள்ளைங்க இல்லம் நடத்துறவங்க 1993 பராமரிப்பு மையங்கள் சட்டப்படி சமூக நல இலாகாவுல பதிவு பண்ணியாகணும், ஆர்ஓஎஸ் பதிவு மட்டும் இருந்தா அது பத்தாது. நாங்க இருக்கும்போதே ஒரு இல்லத்துக்காரங்க வந்தாங்க, இது எங்க வேலை இல்லம்மா, முதல்ல அங்க போங்கன்னு, காசு வாங்காம, எந்தெந்தப் பேப்பர் எடுத்துட்டுப் போகணும்னு எழுதிக் குடுத்து அனுப்பி வச்சாங்க.

போறதா இருந்தா ஏப்ரல்லயும் ஜூன்லயும் வேணாம், வரி பாரம் நேரம், உக்கார எடம் இருக்காது. வார நாள்ல காலையில ஃபெர்ரியில வந்துட்டா பார்க்கிங் தேடி அலைய வேணாம், இறங்கி நடக்குற தூரம்தான். முத்திரை போட்ட சட்டவிதி, கடைசி மூணு வருச மினிட், பேங்க் ஸ்டேட்மெண்ட், ரசீது புக்கு அடிக்கட்டையோட, இரோசஸ்ல யாரு பேருல லாகின் இருக்கோ அந்த ஆளு, இத்தனையும் கூட்டிட்டுப் போங்க, லாகின் வச்சிருக்கிற ஆளு வரலன்னா அன்னிக்கு பாதி வேலைதான் நடக்கும்.